பெயரில்லாமல் புதைக்கக் கூடாது

1

எங்கள் நகரம் மனித உரிமை நகரமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்து வாசலில் நீலக் கொடி கட்டியிருக்கிறார்கள். கட்டியவன் நான்தான். ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் அனுப்பவில்லை.

நகரத்தின் பெயர் வேண்டாம். இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வடக்கே, குளிர்க் கடல் ஓரத்தில் ஒரு துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியைவிடப் பெரியது. வெயில் கிடையாது, உப்பளம் கிடையாது, சத்தமும் கிடையாது. மாநகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் குழி எடுப்பதும் இலை அள்ளுவதும் என் வேலை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்த உரிமை நகரச் சமாச்சாரம் விளங்காது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. மாமன்றம் கூடி, இனி இந்த நகரம் செய்கிற ஒவ்வொரு காரியமும் மனித உரிமைக் கொள்கைப்படிதான் நடக்கும் என்று தீர்மானம் போட்டது. பிறகு ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ஒரு கொள்கை எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார்கள். நூலகத்துக்காரர்கள் ஒன்று எழுதினார்கள். குப்பை அள்ளுகிறவர்கள் ஒன்று எழுதினார்கள். எங்கள் பிரிவு எழுதியது இது: "இந்த நகரத்தில் எவரும் பெயரில்லாமல் புதைக்கப்பட மாட்டார்."

நான் கை தட்டினேன். பொய்யாகத் தட்டவில்லை. மதில் ஓரத்தில் ஒரு வரிசை உண்டு. கல் கிடையாது, ஒரு குச்சியும் அதில் ஓர் எண்ணும்தான். அங்கே புல் வெட்டும்போது எனக்குக் கை ஓடாது. யாரோ கீழே படுத்துக்கொண்டு மெஷின் சத்தத்தைக் கேட்பது போலவே இருக்கும். இனிமேல் அந்த வரிசையில் யாரும் சேர மாட்டார்கள் என்றதும் சந்தோஷப்பட்டேன்.

2

குளிர்காலம் முடிகிற சமயம் துறைமுகத்துச் சுவருக்கும் ஒரு கப்பலுக்கும் நடுவே ஓர் ஆள் மிதந்தான். எந்தக் கப்பலிலும் ஆள் குறையவில்லை. பையில் காகிதம் இல்லை. போலீஸ்காரர்கள் பார்த்தார்கள், விரல் ரேகை எடுத்தார்கள், யார் என்று தெரியவில்லை என்று எங்கள் குளிர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்பு என்றால் ஓர் எண்ணும் ஒரு குழியும் கிடைத்திருக்கும். இப்போது கம்ப்யூட்டர் விடவில்லை. கொள்கையை அதற்குள்ளும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் குழி எடுக்க உத்தரவு வராது. 'தெரியவில்லை' என்று அடித்தால் கட்டம் சிவப்பாகிவிடும். அப்படியே அவன் கிடந்தான். பனி உருகியது, மரம் துளிர்த்தது, கல்லறை மேலெல்லாம் மஞ்சள் பூ பூத்தது. அவன் கிடந்தான். பெயரில்லாமல் புதைபடாதிருக்கும் உரிமை அவனுக்கு இருந்ததால் அவனைப் புதைக்க முடியவில்லை.

என் மண்வெட்டி இருக்கிற கொட்டகைக்கு அடுத்ததுதான் அந்தக் குளிர் அறை. குளிர் மோட்டார் ஓடும், நிற்கும். நிற்கும்போது யாரோ மூச்சை அடக்கிக்கொண்டது போல இருக்கும்.

மார்கிட் என்பவள் எங்கள் பிரிவின் தலைவி. நல்ல பெண். அதுதான் தொல்லையே. ஒரு நாள் கொட்டகைக்கு வந்து போனை நீட்டினாள். "இது உங்கள் பக்கத்துப் பழக்கமா?"

படத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் கறுப்புக் கயிறு. ஓர் இடத்தில் கத்தரியால் வெட்டியிருந்தது. கயிற்றில் சிறு வெள்ளை வளையம் ஒன்று கோத்திருந்தது.

பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அது அரைஞாண் கயிறு. வளையம், சங்கை அறுத்து எடுத்த சில்லு. மற்ற ஊர்களில் வெள்ளியில் தாயத்துப் போடுவார்கள். எங்கள் தெருவில் பையன்கள் பயந்துகொள்ளக் கூடாது என்று சங்குச் சில்லுதான் கோத்துக் கட்டுவார்கள். என் கை தானாக என் இடுப்புக்குப் போனது.

மார்கிட்டுக்குச் சொன்னேன். ஆண்பிள்ளைக்குக் குழந்தையிலேயே கட்டுவார்கள். இடுப்பு ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. பழைய கயிறு இற்றுப்போனால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை அவிழ்க்க வேண்டும். இந்த ஊர் மொழியில் எனக்கு வருகிற அளவுக்குச் சொன்னேன். அவள் அக்கறையாகக் குறித்துக்கொண்டாள். நான் சொன்னது பாதிதான். மீதிப் பாதியை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"வயது நாற்பத்தைந்துக்கு மேலே இருக்கும் என்கிறார் டாக்டர்" என்றாள் போகும்போது.

நான் தள்ளுவண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

3

எனக்கு ஒரு தம்பி. இருந்தால் இப்போது அந்த வயதுதான்.

பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில் எங்கள் கடை. தோணிக்காரர்களுக்கு அரிசி, பருப்பு, கருப்பட்டி, கயிறு, மண்ணெண்ணெய் கொடுக்கிற கடை. அப்பாவுக்குப் பிறகு அக்கா நடத்துகிறாள். எங்கள் ஆட்கள் கடலை நம்பிச் சாப்பிட்டாலும் கடலில் இறங்குவது இல்லை. தம்பிக்கு அது பொறுக்கவில்லை. "சாமான் மட்டும் மாலத்தீவு போவுது, நான் இங்கன வெங்காயம் நிறுக்கணுமோ?" என்பான். ஒரு நாள் சாமானோடு அவனும் தோணி ஏறிவிட்டான்.

திரும்பி வரும்போது காற்றில் தோணி முறிந்தது. மற்றவர்களைத் தருவைகுளத்து வள்ளம் ஒன்று எடுத்து வந்தது. இவன் மட்டும் இல்லை. "பலகையப் புடிச்சிக்கிட்டுத்தான் கெடந்தான் அண்ணாச்சி, திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்" என்று தோணியை ஓட்டிய தண்டல் எங்கள் அப்பாவிடம் சொன்னார்.

அப்பா ஓர் அலுவலகம் விடாமல் அலைந்தார். ஊரில் உள்ள குமாஸ்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பாடி இல்லாம செத்துட்டான்னு எப்படிய்யா எழுத? ஏழு வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போங்க." அங்கே உடல் இல்லாமல் சாவு இல்லை. இங்கே பெயர் இல்லாமல் குழி இல்லை. இரண்டு ஊரிலும் நாற்காலி ஒன்றுதான்.

ஏழு வருடம் ஆனதும் சொந்தக்காரர்கள் வந்து, வைக்கோலில் ஆள் மாதிரி செய்து கொள்ளி வைத்துவிடலாம் என்றார்கள். அக்கா வாசலிலேயே மறித்துவிட்டாள். "எவனாவது வைக்கோலத் தூக்கிட்டு வந்தா அவன் தலையிலதான் தீய வைப்பேன்."

அவள் ஒரு காரியம் செய்கிறாள். தம்பி படுத்த கட்டில் இன்னும் கிடக்கிறது. அதன் தலைமாட்டுக் காலில் ஓர் அரைஞாண் கயிறு கட்டியிருப்பாள், சங்குச் சில்லோடு. வருடம் பிறந்ததும் புதியதைக் கட்டிவிட்டுப் பழையதை எடுப்பாள். கட்டில் கால் வெறுமையாக இருந்ததே இல்லை. லீவுக்குப் போகும்போது நான் அந்த அறையில் படுப்பதில்லை.

இன்னொன்று, அவன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. உடல் கிடைக்காதவன் பெயரைக் கடல் பார்த்துச் சொன்னால், கேட்டவன் எவனோ அவன் ஏறி வருவான் என்பாள். எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். அதனால் இத்தனை வருடமாக அவன் 'அவன்'தான். இங்கேயும் அந்தப் பெயரை எழுதவில்லை. திருச்செந்தூர் பஸ்ஸில் நின்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். அவ்வளவு போதும்.

4

அக்காவுக்குப் போன் பண்ணினேன். கயிறு என்று ஆரம்பித்ததுமே குறுக்கே வந்தாள்.

"அறுத்தாவளா?"

"என்னது?"

"அரணாக்கயித்தத்தான்ல. அவிழ்த்தாவளா, அறுத்தாவளா?"

"வெட்டியிருக்காவ. ஆஸ்பத்திரியில."

"எப்ப?"

சொன்னேன். கடையில் யாரோ பச்சரிசி கேட்பது கேட்டது.

"அந்த வாரந்தான், கூட்டிப் பெருக்கப் போனா கட்டில் கால் கயிறு தரையில கெடக்கு. முடிச்சு அப்படியே இருக்கு. நடுவுல வெட்டுன மாதிரி."

"எலி கடிச்சிருக்கும்."

"எலி கத்தரி வச்சிருக்கோ? கோட்டிக்காரப் பயலே. அது யாருன்னு பாரு மொதல்ல."

முகத்தைப் பார்க்க முடியுமா என்று மார்கிட்டிடம் கேட்டேன். தண்ணீரில் நெடுநாள் கிடந்த முகம், பார்த்து ஒன்றும் தெரியாது என்றாள். கன்னத்து உள்பக்கம் பஞ்சைத் தேய்த்துக் கொடுத்தால் உடன்பிறப்பா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாம். தேய்த்துக் கொடுத்தேன். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

அந்த வாரங்களை எப்படிச் சொல்ல? அவனாக இருந்தால், இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கிறான். ஒரு போன் பண்ணவில்லை. கடைசியில் நான் இருக்கிற ஊருக்கே வந்து, என் வீட்டுக்கு நடந்து வரும் தூரத்தில் செத்திருக்கிறான். அவனாக இல்லாவிட்டால் அக்கா கயிறு கட்டுகிற கட்டில் அப்படியே கிடக்கும், அவளும் அப்படியே கிடப்பாள். எதைக் கேட்டுச் சாமியைக் கும்பிடுவது என்றே தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவியிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிப் பையோடு வந்து நின்றாள். அவள் இங்கே பிறந்தவள். தமிழ் கேட்டால் சிரிப்பாள், பேச மாட்டாள். இந்த ஊர் மொழியில்தான் சொன்னாள்.

"அப்பா, குளிர்காலத்துல ஒருத்தர் வந்தார். கீழ மணி அடிச்சார். உங்க பாஷைல பேசினார்."

"யாரு? என்ன சொன்னார்?"

"எனக்குப் புரியல. மெதுவா, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி சொன்னார். எனக்குப் பயமா இருந்துச்சு. இங்க யாரும் இல்லன்னு சொல்லி ரிசீவர வச்சிட்டேன்."

"எந்த மொழியில சொன்ன?"

"நம்ம மொழியில."

அவளுடைய 'நம்ம' வேறு, என்னுடையது வேறு. அதற்கு மேல் கேட்கவில்லை. கீழே இறங்கிப் போய், ஒவ்வொரு வீட்டுப் பெயரும் மணியும் மேலே பேசுகிற கருவியும் உள்ள மணிப் பலகையைப் பார்த்தேன். துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருவில் நம் ஊர்ப் பெயர் என் பெயர் ஒன்றுதான். கப்பலிலிருந்து இறங்கி நடக்கிற நம் ஊர்க்காரன் எவனானாலும் அந்தப் பலகை முன்னால்தான் நிற்பான்.

5

முடிவு வந்தது. தம்பி இல்லை. எனக்கும் அவனுக்கும் ரத்த உறவே இல்லை.

அக்கா போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குத் தெரியும்ல! நம்ம பய எங்கனயோ இருக்கான்!" புதுக் கயிறு கட்டிவிட்டதாகச் சொன்னாள். பிறகு சத்தம் அடங்கி, "அப்ப அது யாரு வீட்டுப் பிள்ளைல? அங்கனயும் ஒருத்தி கெடப்பாள்லா" என்றாள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாததால் கம்ப்யூட்டர் இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஒரு வருட விழா நெருங்கியது. விழாவில் அவனைப் புதைத்துக் காட்ட வேண்டும் என்று மேலே யாருக்கோ ஆசை. கூட்டம் போட்டார்கள். என்னையும் உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, "உங்கள் சமூகத்தின் சார்பில் நீங்களே ஒரு பெயர் வையுங்கள்" என்றார்கள்.

இப்படிக் கேட்பார்கள் என்று மார்கிட் முன்பே சொல்லியிருந்ததால் முந்தின நாளே அக்காவிடம் கேட்டிருந்தேன். "பெத்தவ வச்ச பேரு ஒண்ணு இருக்கும்லா. நீ யாருல புதுசா வைக்க?" என்று கேட்டிருந்தாள். அதையேதான் கூட்டத்தில் சொன்னேன்.

"அவன் பெயர் இல்லாதவன் இல்லை. உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கல்லில் இடம் விட்டு வையுங்கள். என்றைக்காவது தேடி வருகிறவர்கள் எழுதட்டும்."

சட்டப் பிரிவிலிருந்து வந்த ஒரு சின்னப் பையன், வெற்றுக் கல் அவருடைய கண்ணியத்துக்கு இழுக்கு, கொள்கைக்கும் எதிரானது என்றான். எனக்குக் கோபம் வந்தது. "ஐயா, உயிரோட இருந்தப்ப இந்த நகரம் அவனுக்கு ஒரு கதவத் தெறக்கல. செத்த பிறகு பெயர் வச்சு விளையாடாதீங்க" என்றேன். கதவு என்று சொன்னதும் என் வீட்டு மணிப் பலகை ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் அதை நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். பெயரைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

6

விழா முற்பகலில் நடந்தது. தோட்டம் மேட்டில் இருக்கிறது. கீழே துறைமுகம், அதற்கு அப்பால் கடல். கல் மேல் நீலத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பெட்டியைக் குழியில் இறக்கிய நால்வரில் நானும் ஒருவன். மண் போட்டு முடித்ததும் துணியை இழுத்தார்கள்.

என் தம்பியின் பெயர்.

எங்கள் மொழியில் அதிகம் பேருக்கு இருக்கிற பெயர் எது என்று எங்கேயோ தேடியிருக்கிறார்கள். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டார்கள். வேறு ஒன்றும் இல்லை. அதில் மர்மம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மேயர் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைப் படித்தார். கடலைப் பார்த்து நின்று படித்தார். பிறகு கூடியிருக்கிற எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்வோம் என்றார். சொன்னார்கள். ஒரு வாயிலும் சரியாக வரவில்லை. வல்லெழுத்தைத் தொண்டையில் போட்டு உருட்டி, கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னார்கள். மூன்று தடவை. ஒலிபெருக்கியின் வாய் கடல் பக்கம் இருந்தது. நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் நாங்கள் இத்தனை வருடம் வாயில் அடக்கி வைத்திருந்ததை முழு நகரமும் சேர்ந்து கூப்பிட்டது.

எல்லோரும் கலைந்த பிறகு மார்கிட் என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது என்றீர்களே. பெட்டியை மூடும் முன் அந்தக் கயிற்றை முடிச்சுப் போட்டு நானே கட்டிவிட்டேன்."

நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். செத்தவனுக்குத்தான் கயிற்றை அறுப்பார்கள். அறுத்தால்தான் அவன் போவான். அறுத்ததைத் திரும்பக் கட்டுவது எந்த ஊரிலும் கிடையாது. இடுப்பில் கயிறு கட்டுவது பிறந்த பிள்ளைக்குச் செய்கிற காரியம். இங்கே இருக்கப்போகிறவனுக்குக் கட்டுவது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எதற்கும் ஒரு கெட்ட வார்த்தை வைத்திருப்பவன் நான். ஆனாலும் அவள் மரியாதையாகத்தான் கட்டியிருக்கிறாள். நன்றி சொன்னேன்.

7

கொட்டகைக்குப் போய்க் கை கழுவும்போது அக்காவின் போன் வந்தது. அங்கே சாயங்கால வியாபார நேரம். அந்த நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

"ஏலே, ஒண்ணும் பதறாத. ஒரு காரியம் கேக்கேன். அங்கன எதுவும் நடந்துச்சா?"

"ஏன்க்கா?"

"இப்ப கொஞ்சம் முன்னாடி, கல்லாவுல உக்காந்திருக்கேன். கடல் பக்கமிருந்து யாரோ அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுதாவ. ஒருத்தர் இல்லல, கூட்டமா. வாய்க்குப் பேரு வராதவங்க சொல்லுத மாதிரி, இழுத்து இழுத்து."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூடவில்லை.

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்வேன்? வாசலுக்கு வந்து 'வாய்யா'ன்னு சொல்லிட்டேன். கூப்பிடுதது அவனுக்குக் கேட்டுருக்கும்லா? கட்டிலத் தட்டி விரிச்சு வச்சிருக்கேன்."

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா, அது இங்கே மேயர், மைக். அவன் பெயரில் இங்கே ஒரு கல் இருக்கிறது. கல்லுக்குக் கீழே வேறொருத்தி பெற்றவன், இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறோடு படுத்திருக்கிறான். இதைச் சொன்னால் அவள் கட்டில் காலில் உள்ள கயிற்றை அறுத்துவிடுவாள். என் வாயால் தம்பி செத்துப்போவான். "ஒண்ணும் நடக்கலக்கா" என்றேன்.

இப்போது கூப்பிட்டாகிவிட்டது. இங்கே பெயரோடு கிடக்கிறவன் வேறு, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன் வேறு. இரண்டு பேரும் போகவில்லை. கேட்டது எவனுக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

நான் செய்தது ஒன்றுதான். மகளை உட்கார வைத்து ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தேன். "கதவு தெறந்திருக்கு, ஏறி வாங்க." சிரிக்காமல் கற்றுக்கொண்டாள். இந்த ஊர் எழுத்தில் எழுதி வீட்டுக்குள் மணிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நேற்று மத்தியானம் அந்தக் கல்லைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் போன் பண்ணினாள். வீட்டில் அவள் மட்டும்தான்.

"அப்பா, கீழ மணி அடிச்சுது. யாரும் பேசல. நீங்க சொல்லிக் கொடுத்ததச் சொன்னேன்."

"சரியாச் சொன்னியா?"

"சரியாத்தான் சொன்னேன்." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, படியில யாரோ ஏறி வர்றாங்க. ஈரக் காலோட ஏறுற மாதிரி இருக்கு. இப்ப நம்ம கதவுகிட்ட நிக்கிறாங்க."

மெஷினை அணைத்தேன். கடல் பக்கம் சத்தமே இல்லை. எனக்கு முன்னால் அந்தப் பெயர் இருந்தது.

"தெறந்துவிடு" என்றேன்.